வண்டி டீசல் குடிக்கிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

"முன்ன பதினாலு குடுத்துச்சு தம்பி, இப்ப பத்தைத் தாண்டமாட்டேங்குது." எங்கள் பட்டறைக்கு வரும் ஏழு இருக்கை எஸ்.யு.வி.களில் பாதி இந்த வார்த்தையோடுதான் உள்ளே நுழைகின்றன. அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். வேறோர் இடத்தில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றிவிட்டு வந்திருந்தார். மைலேஜ் அரை கிலோமீட்டர்கூட ஏறவில்லை. நான் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கால் சுற்று போய் உரசி நின்றது. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து உறைக்குள்ளேயே சிக்கியிருந்தது. இன்ஜெக்டருக்கு அவர் கொடுத்த காசில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை அந்தக் கேபிளை மாற்ற. பென்ஷன் பணம் அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்று வரிசையாக எழுதுகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்: நிஜமாகவே குறைந்திருக்கிறதா?

மீட்டர் பலகையில் தெரியும் சராசரியை நம்பாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். பங்கில் டேங்கை நிரப்பி, பம்ப் துப்பாக்கி தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே பங்க், அதே பம்ப், அதே மாதிரி தானாக நிற்கும் வரை. ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். 612 கிலோமீட்டருக்கு 51 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 12.

ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. துப்பாக்கி சற்று முன்பின் நின்று 2 லிட்டர் வித்தியாசம் வந்தாலே கணக்கு 4 சதவீதம் ஆடிவிடும். மூன்று டேங்க் பாருங்கள். சந்தேகம் பங்க் மீது இருந்தால், 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். குவளை எல்லாப் பங்கிலும் இருக்க வேண்டும், கேட்பது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் குறையலாம்.

பெரிய டயர் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 215/75 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் 4 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. வண்டி 1,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 960 என்றுதான் காட்டும். குறைந்ததாகத் தெரியும் மைலேஜில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. மீதி, கனமான அகல டயரை உருட்டும் செலவு.

மூன்று டேங்க் சராசரி பழைய அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். அதற்குள் இருந்தால் அறிகுறி 1 மட்டும் போதும்.

அறிகுறி 1: மைலேஜ் மட்டும் குறைவு, புகை இல்லை, சத்தம் இல்லை, விளக்கும் எரியவில்லை

வண்டியைக் குற்றம் சொல்லும் முன் கடந்த சில மாதங்களில் என்ன மாறியது என்று யோசியுங்கள். பிள்ளைக்குப் பள்ளி மாறியதா? ஆபீஸ் வழி மாறியதா? தினம் மூன்று கிலோமீட்டர் போய், இறங்கி, திரும்ப வரும் வண்டிக்கு எஞ்சின் சூடாவதற்கே நேரம் இருக்காது. பள்ளி வாசலில் ஏ.சி. போட்டுக் காத்திருந்தால் பெரிய டீசல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எரித்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் கிலோமீட்டர் பூஜ்யம்.

அடுத்தது மேலே உள்ள கேரியர். சபரிமலைக்கோ திருச்செந்தூருக்கோ போகும்போது மாட்டியதை வருஷம் முழுக்கக் கழற்றாமல் வைத்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் மூட்டை கட்டிய கேரியர் 10 சதவீதத்துக்கு மேலும் எரிபொருளைத் தின்னும். காலியாக இருந்தாலும் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். வேகமும் அப்படியே. 80இல் போனதை 110இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதிதாக நான்குவழிச் சாலை திறந்த பிறகு மைலேஜ் போய்விட்டது என்று வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

டயர் காற்று எல்லோரும் முதலில் சொல்வது. பார்க்க வேண்டியதுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. ஆனால் நான்கிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால்கூட போவது இரண்டு மூன்று சதவீதம்தான். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் காணாமல் போனதற்குக் காற்று மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டயரின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் ரம்பம் போலத் தேய்ந்திருந்தாலோ, நேர் சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ அலைன்மென்ட் பாருங்கள்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய எரிபொருளுக்காக வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 2023க்கு முந்தைய வண்டியில் இந்த அளவு குறைந்திருந்தால் பட்டறையில் சரிசெய்ய எதுவும் இல்லை, காசைச் செலவழிக்காதீர்கள். டீசல் வண்டிக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

கடைசியாக ஏர் ஃபில்டர். வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். மண் சாலை, செங்கல் சூளை, ஜல்லிக் குவாரி பக்கம் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே அடைத்துவிடும்.

அறிகுறி 2: ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி சட்டென்று வேகம் இழக்கிறது

மைலேஜ் புகாரில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இது. எஞ்சின் நன்றாக இருக்கும், கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் எதுவும் வராது. வண்டி நாள் முழுக்கப் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆளில்லாத, லேசாகச் சரிந்த இடத்தில் நிறுத்தி நியூட்ரலில் பிரேக்கை விடுங்கள். இந்தக் கனத்துக்கு வண்டி தானாக உருள வேண்டும். உருளவில்லை என்றால் அடுத்த சோதனை. பத்து கிலோமீட்டர் சீராக ஓட்டுங்கள், கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெதுவாக நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவே உள்ளங்கையை ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் பிடித்துவிட்டீர்கள்.

பின்சக்கரம் என்றால் முதலில் ஹேண்ட்பிரேக் கேபிள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய வண்டிகளில் இது சகஜம். வெளியூர் போகும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுப் போங்கள். முன்சக்கரம் என்றால், பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான இரும்பு ஊசி (ஸ்லைடு பின்) காய்ந்துபோயிருக்கும். கழற்றித் துடைத்து அதற்கென்று உள்ள கிரீஸ் வைத்தால் பல நேரம் அதோடு சரியாகும். அதுவும் இல்லையென்றால் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம்.

பத்து வருஷத்துக்கு மேலான வண்டியில் இன்னொரு காரணம் ஒளிந்திருக்கும். பிரேக்கின் ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கியிருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டதும் திரும்பாது. சக்கரம் இறுகியிருக்கும்போது மெக்கானிக், பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் ஹோஸ் மீது சந்தேகம் வலுக்கும். காலிப்பரை மாற்றிய பிறகும் அதே கோளாறு திரும்பி வருகிறவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூட்டைப் பார்ப்பது வரை உங்கள் வேலை. பிரேக் ஆயில் சம்பந்தப்பட்ட எதையும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். குடும்பம் ஏறும் வண்டி.

வேகம் கூடக் கூட ஒரு பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வந்து, வளைவில் திரும்பும்போது அது மாறினால் வீல் பேரிங். ஃபோர்வீல் வண்டியில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது இடித்து இடித்துப் போனால், லீவர் 4எச்-இலேயே (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொல்லிமலை ஏறிவிட்டு மறந்து சமவெளி முழுக்க அப்படியே ஓட்டி வந்தவர்கள் உண்டு.

அறிகுறி 3: டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வருவதில்லை

வண்டி சூடானால் பதறுகிறோம், சூடாகவே இல்லை என்றால் மகிழ்ச்சியாக விட்டுவிடுகிறோம். எஞ்சின் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து வண்டிக்குள் இருக்கும் கணினி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

காரணம் பெரும்பாலும், எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது. அதைவிட எனக்கு வேதனை தருவது, எப்போதோ வண்டி சூடானபோது, "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று யாரோ அதைக் கழற்றி வீசியிருப்பது. பழைய வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் பக்கம் கை போகாமல், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பல நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்து, எஞ்சின் சூடான பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடவில்லை, அல்லது உள்ளேயே இல்லை. புது வண்டிகளில் முள் நடுவில் நிற்பதை நம்ப முடியாது. கோளாறு பார்ப்பதற்கென்று வண்டியில் உள்ள ஓ.பி.டி. பிளக்கில் மாட்டும் சின்னக் கருவியைச் செல்போனில் இணைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கூலன்ட் வெப்பம் 80 டிகிரிக்குக் கீழே, அதுவும் 60, 70 டிகிரியில் தங்கினால் சந்தேகம் உறுதி. பி0128 என்ற குறியீடும் வரலாம்.

தெர்மோஸ்டாட் விலை அதிகமில்லை. மாற்றும்போது கூலன்ட்டையும் மாற்றி, உள்ளே காற்று தங்காமல் எடுத்துவிட வேண்டும். அது ஒழுங்காக நடக்காவிட்டால் வண்டி சூடாகிவிடும், அதனால் பட்டறையில் செய்வதே நல்லது. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

அறிகுறி 4: டீசல் வண்டி, மிதித்தால் கரும்புகை, பிக்கப் இல்லை

எரிய வேண்டிய டீசலுக்குக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரை மேலே சொன்னபடி பாருங்கள். சரியாக இருந்தால் நேராக டர்போ ஹோஸுக்குப் போங்கள்.

காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் வெடித்தால் மைலேஜும் பிக்கப்பும் ஒன்றாகப் போகும். மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்று முன்பு இல்லாத சத்தம் கேட்கும். எஞ்சின் குளிர்ந்த பிறகு ஹோஸ் முழுக்கக் கையால் தடவி, அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டு, அழுத்தம் ஏறியதும் வாய் திறக்கும். ஓரிடத்தில் மட்டும் ஆயில் ஈரமும் தூசியும் அப்பியிருந்தால் அங்கேதான். கிளிப் தளர்ந்திருந்தால் முடுக்கினால் போதும். வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றி ஓட்டுவது ஊர் வந்து சேரும் வரைக்கும் மட்டும்.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது காற்றை அளக்கும் சென்சார். அதற்கென விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். துணியோ, கார்புரேட்டர் கிளீனரோ, கம்ப்ரசர் காற்றோ பட்டால் போய்விடும். அப்புறம், புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் கரி அடைத்துத் திறந்தபடி நின்றுவிடும். கழற்றிச் சுத்தம் செய்வது அரை நாள் பட்டறை வேலை.

இவை எல்லாம் முடிந்த பிறகும் புகை நிற்கவில்லை என்றால்தான் டர்போ, இன்ஜெக்டர் பேச்சு. புகை நீலமாக வந்து எஞ்சின் ஆயில் குறைந்தால் இந்த வரிசையை விட்டுவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

அறிகுறி 5: வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் பலமாக ஓடுகிறது, சூட்டு வாடை, ஆயில் மட்டம் ஏறுகிறது

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு டீசல் எஸ்.யு.வி.களின் சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் வண்டி தானே கூடுதல் டீசலை எரித்து அதைச் சுத்தம் செய்துகொள்ளும். பத்து இருபது நிமிடம் பிடிக்கும். அப்போது ஐடிலிங் கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடும், மைலேஜ் விழும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை இப்படி நடப்பது இயல்பு.

நூறு கிலோமீட்டருக்குள் திரும்பத் திரும்ப நடந்தால்தான் கோளாறு. முதல் காரணம் பயன்பாடு. சுத்தம் பாதியில் இருக்கும்போது வீடு வந்துவிடுகிறது, சாவியைத் திருப்பிவிடுகிறோம். மறுநாள் மறுபடி தொடங்குகிறது. எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. சமதரையில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவதுதான் வழக்கம். கூடியிருந்தால் அது கலந்த டீசல். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாதீர்கள், ஆயிலை மாற்றிய பிறகு எடுங்கள். கலந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகும், சில நேரம் அந்த ஆயிலையே எரித்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும்.

ஆயில் சரியாக இருந்தால் ஒரு நாள் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். சேலத்துக்காரர்கள் தொப்பூர் வரை போய் வரலாம். ஒரு கியர் குறைவாக, 2,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல், அரை மணி நேரம். பள்ளி, சந்தை என்று மட்டும் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை இப்படி ஓட்டம் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் அடிக்கடி நடந்தால் அறிகுறி 3, 4 இரண்டையும் பாருங்கள். எஞ்சின் குளிராக இருந்தால் சுத்தமே தொடங்காது. டர்போ ஹோஸ் கசிந்தால் கரி வேகமாக நிறையும். வடிகட்டியைக் குறை சொல்லும் முன் அதற்குக் கரியை அனுப்புகிற இடத்தைச் சரிசெய்யுங்கள். எஞ்சின் ஆயிலும் டி.பி.எஃப்.புக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த வகைதானா என்று பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.பி.எஃப். விளக்கு எரிந்து அணையாவிட்டால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போங்கள், நின்ற இடத்திலேயே சுத்தம் செய்யவைக்க முடியும். டி.பி.எஃப்.பைக் கழற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி தவறு. அந்தக் கரியை உங்கள் தெருப் பிள்ளைகள்தான் மூச்சில் இழுக்கும். நான் அந்த வேலையைச் செய்வதில்லை.

அறிகுறி 6: ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. காலியான சாலையில் நான்காவது கியரில் 50 வேகத்தில் போய் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். முள் மட்டும் எம்பினால் சந்தேகமே வேண்டாம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் கருகிய வாடை வந்தாலும் இதே கதைதான். பெடல் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஃபிளைவீலும் சேர்ந்து போகும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில், 80இல் சீராகப் போகும்போது ஆர்.பி.எம். முன்பைவிட 200, 300 கூடுதலாக நின்றால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளவில்லை. முதலில் கியர் ஆயில் மட்டமும் நிறமும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றதற்குக் கியர்பாக்ஸ் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

அறிகுறி 7: பெட்ரோல் வண்டி, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, சைலன்சர் வாய் கருப்பு

விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் ஓரம்கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கும் அதற்கு மின்சாரம் தரும் காயிலும் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே மாறுகிறதா என்று பார்த்தால் புதுக் காயில் வாங்காமலேயே தெரிந்துவிடும். நிலையாக எரிந்து ஸ்கேனரில் பி0172 வந்தால் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டர், காற்று சென்சார், அப்புறம்தான் ஆக்சிஜன் சென்சார்.

அறிகுறி 8: நிறுத்திய இடத்தில் வாடை அல்லது ஈரம்

இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்துவையுங்கள். டீசல் கறை என்றால் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸ், ஃபில்டர் வாஷர். பெட்ரோல் வாடை என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடாமல் ஆளை வரவழையுங்கள். இதில் நீங்களே பார்க்கும் வேலை எதுவும் இல்லை.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்ஜெக்டர்தான் என்கிறார்கள்

ஐடிலிங்கில் எஞ்சின் ஆடுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகையில் எரியாத டீசல் வாடை என்றால் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் ரிட்டர்ன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் நான்கு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓடவிட்டால், கெட்டுப்போனதன் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறையும். பிறகு அதைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும். பல நேரம் நான்கில் ஒன்றுதான் கெட்டிருக்கும், அதையும் பழுதுபார்க்க முடியலாம்.

இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரெயில் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். எஞ்சின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புது இன்ஜெக்டர் போட்டால் பல வண்டிகளில் அதன் தலையில் பொறித்த எண்ணை ஸ்கேனர் வழியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புதியது போட்டும் புகையும் ஆட்டமும் தொடரும். காசு கொடுக்கும் முன் அந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழையதையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.